பெடல் பளபளக்குது... பிரேக் பிடிக்குதா?

கியர் மாத்து மச்சி!

போன வாரம் கேன்டீன்ல டீயும் பஜ்ஜியுமா உட்கார்ந்திருந்தப்ப ஒரு ஜூனியர் பக்கத்துல வந்து மெதுவா ஆரம்பிச்சான். ''அண்ணா, காருக்கு ரேஸிங் பெடல் மாட்டினா சூப்பரா இருக்கும்ல? எது வாங்கலாம்?''

கேட்டது தப்பான ஆள்கிட்ட. ஏன்னா, பெடல் விஷயத்துல அடியேன் ரெண்டு தடவை பல்பு வாங்கினவன். முதல் பல்பு அப்பாவோட. ரெண்டாவது பல்பு... அது கொஞ்சம் பெருசு. ஒரு பொண்ணோட சீட்டையே காலி பண்ணப் பார்த்துச்சு. ரெண்டையும் சொல்லிடறேன். அப்புறம் நீங்க என்ன வேணா வாங்கிக்கங்க.

பல்பு நம்பர் ஒண்ணு

ஃபர்ஸ்ட் இயர் லீவு. வீட்டுல அப்பாவோட பழைய கார். 'இதை எப்படியாவது ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிடணும்'னு எனக்கு வெறி. இன்ஜினைத் தொட முடியாது, அப்பா தோலை உரிச்சிடுவார். அதனால கையில இருந்த காசுக்கு அலுமினிய பெடல் கவர் செட் ஒண்ணு வாங்கிட்டு வந்து, பழைய ரப்பர் மேலயே கிளிப் போட்டு மாட்டிட்டேன். பார்க்க செம! சும்மா ஜொலிக்குது. ரெண்டு நாள் நான் ரோட்டைப் பார்த்ததை விட பெடலைக் குனிஞ்சு பார்த்ததுதான் ஜாஸ்தி.

மூணாவது நாள் மழை. அவினாசி ரோடு. அப்பா ஓட்டறார். அவர் காலில் ஈரச் செருப்பு. முன்னாடி ஒரு வேன் சடார்னு நிக்க, அப்பா பிரேக்கை மிதிக்க, செருப்பு வழுக்கி கால் கீழே போயிடுச்சு. மறுபடி தூக்கி மிதிச்சார். வேனுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கற இடம் மிச்சம். அப்பா ஒண்ணுமே பேசலை. வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில கொடுத்தார். அவ்ளோதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. 60 கி.மீ. வேகத்துல கார் ஒரு செகண்டுக்கு 16.7 மீட்டர் ஓடுது. கால் வழுக்கி, திரும்பத் தூக்கி வைக்க அரை செகண்ட் ஆச்சுன்னா எட்டு மீட்டருக்கு மேல காலி. ரெண்டு கார் நீளம் பாஸ்!

'ரேஸிங் பெடல்'னா என்ன?

கடைக்குப் போய் 'ரேஸிங் பெடல் கொடுங்க'ன்னு கேட்டா மூணு வேற வேற ஐட்டம் இருக்கு.

ஒண்ணு, நான் வாங்கினது மாதிரி மேல மாட்டற கவர். ஸ்பார்கோ, ஓஎம்பி, மோமோன்னு இத்தாலிக்காரங்க போடறது கூட இந்த வகையில உண்டு. நல்ல கவர்ல ரப்பர் குமிழ் இருக்கும், இல்லைன்னா சொரசொரப்பா அறுத்திருப்பாங்க. பெடல்ல ஓட்டை போட்டு போல்ட் பண்ணி மாட்டற மாதிரி வரும். வெறும் கிளிப் போட்டு, பசை தடவி ஒட்டறதெல்லாம் ஷோகேஸுக்கு மட்டும்.

ரெண்டு, அகலமான ஆக்ஸிலரேட்டர் பேட். இது பந்தா இல்லை, நிஜமாவே ஒரு வேலைக்கு. பெயர் 'ஹீல் அண்ட் டோ'. வளைவுக்கு முன்னாடி வலது கால் முன்பாதத்தால பிரேக்கை அழுத்திக்கிட்டே, அதே காலோட ஓரத்தாலயோ குதிகாலாலயோ ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, கியரைக் குறைக்கறது. இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போறதால கார் குலுங்காது, பின் சக்கரம் திடீர்னு லாக் ஆகாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவங்க வெளிநாட்டுல இந்த பேட் மாட்டறது இதுக்குத்தான்.

மூணு, மொத்த பெடல் பாக்ஸ். பெடல், மாஸ்டர் சிலிண்டர், முன் பின் பிரேக்கைப் பிரிச்சுக் கொடுக்கற பேலன்ஸ் பார் எல்லாம் சேர்ந்த ஒரு செட். அமெரிக்காவோட டில்டன், வில்வுட், இங்கிலாந்தோட ஏபி ரேஸிங்னு இதுல பெரிய தலைகள் இருக்காங்க. மேலே இருந்து தொங்கற மாதிரியும் வரும், தரையில இருந்து முளைச்ச மாதிரியும் வரும். ஏர்கூல்டு இன்ஜினோட வந்த பழைய போர்ஷே 911-ல பெடல் தரையில இருந்துதான் முளைச்சு நிக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக் காருல பிரேக்கை மிதிக்கறப்ப நம்ம காலோட சேர்ந்து வேக்வம் பூஸ்டரும் தள்ளுது. ரேஸிங் பெடல் பாக்ஸ்ல பெரும்பாலும் பூஸ்டர் கிடையாது. அதைக் கொண்டுபோய் ரோட்டுக் காருல மாட்டினா பிரேக் கல்லு மாதிரி இருக்கும். 'ரேஸ் ஐட்டம்டா மச்சி'ன்னு அம்மாவைக் கடைக்கு அனுப்பாதீங்க.

சென்னாவோட ஷூ

ஜப்பான் சுஸுகா டிராக்ல அயர்ட்டன் சென்னா ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டற வீடியோ ஒண்ணு இருக்கு. காலை மட்டும் காட்டற ஷாட்டுக்காகவே நூறு தடவை பார்க்கலாம். ரேஸிங் ஷூ கூட இல்லை. வெள்ளை சாக்ஸ், ஆபீஸ் போற மாதிரி ஒரு லோஃபர். அந்தக் காலு பெடல் மேல டான்ஸ் ஆடுது!

அதுல பெடலோட பளபளப்பு யார் கண்ணுக்கும் படாது. ரகசியம் இடைவெளியில இருக்கு. பிரேக்கை நல்லா அழுத்தின நிலையில அது ஆக்ஸிலரேட்டரோட சம மட்டத்துக்கு, இல்லைன்னா ஒரு துளி மேலே இருக்கணும். அப்பதான் கால் ஓரம் ஆக்ஸிலரேட்டரைத் தொடும். ரொம்ப நெருங்கிட்டா ஒரே மிதியில ரெண்டும் அமுங்கும். ரொம்ப விலகிட்டா கால் எட்டாது. ஆக, பெடலை அளக்க வேண்டியது உங்க காலோட, உங்க ஷூவோட.

இந்த ஒரு வரி எனக்கு முன்னாடியே உறைச்சிருந்தா ரெண்டாவது பல்பு எரிஞ்சிருக்காது.

பல்பு நம்பர் ரெண்டு

எங்க காலேஜ் டீம் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டுது. தெரியாதவங்களுக்கு... மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டு பண்ணி, ஓட்டிக் காட்ட வேண்டிய ஒத்தை சீட் ரேஸ் கார். போட்டி நடக்கறது நம்ம கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில. மாருதி இன்ஜினை வெச்சு நம்ம ஊர்லயே ரேஸ் கார் கட்டின கரிவரதன் பெயர்ல இருக்கற டிராக். 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆன நரேன் கார்த்திகேயனும் இதே கோவைக்காரர்தான். அப்படிப்பட்ட ஊர்ல கார் கட்டறோம்னா பில்டப்புக்குக் கேட்கணுமா!

பிரேக் டிபார்ட்மென்ட் என் பொறுப்பு. 'நாமளே பெடல் செய்யலாமா, வாங்கலாமா'ன்னு மீட்டிங். கேட்டலாக்ல ஒரு பெடல் பாக்ஸ். சிகப்பு ஆனோடைஸிங், சி.என்.சி.யில செதுக்கின கை. பார்த்ததும் விழுந்துட்டேன். பிரேக் பட்ஜெட்ல பெரிய பங்கு அதுக்கே போச்சு. அதுல செகண்ட் இயர் பசங்க மெஸ் காசை மிச்சம் பிடிச்சுக் கொடுத்ததும் உண்டு. பெடல் ரேஷியோ 4-க்கு 1. மாஸ்டர் சிலிண்டர் 3/4 இன்ச். 'பெருசு நல்லது'ன்னு ஒரு நினைப்பு.

டெஸ்டிங் நாள். எங்க டிரைவர் ரெண்டு பேர். ஒருத்தன் ஆறடி மச்சான். இன்னொருத்தி செகண்ட் இயர் ஜூனியர், அஞ்சடி ஒரு அங்குலம். டீம்லயே வேகமான லேப் அவளோடது.

போட்டியில பிரேக் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. காரை வேகமா எடுத்து, ஒரே மிதியில நாலு சக்கரமும் லாக் ஆகி நேரா நிக்கணும். அதுல பாஸ் ஆகலைன்னா டிராக்ல இறங்கவே விடமாட்டாங்க. ஆறடி மச்சான் மிதிச்சான், நாலும் லாக். கைதட்டல். அடுத்து ஜூனியர். மிதிச்சா... பின் சக்கரம் ரெண்டும் லாக், முன் சக்கரம் ரெண்டும் உருண்டுக்கிட்டே இருக்கு. கார் வால் வீசித் திரும்பி குறுக்கா நின்னுச்சு. நல்லவேளை, பக்கத்துல ரப்பர் கூம்புதான் இருந்துச்சு, ஆள் இல்லை.

அஞ்சு தடவை. அஞ்சும் அதே கதை. பேலன்ஸ் பாரைத் திருகி முன் பக்கம் அதிகம் கொடுத்துப் பார்த்தோம். போதலை.

''பொண்ணுங்க காலுக்குப் பலம் பத்தாதுடா'' - பின்னாடி யாரோ. நாலு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இதை எழுதறப்ப கை கூசுது, ஆனா சிரிச்சேன். கேப்டன் அண்ணா வாட்ச்சைப் பார்த்துட்டு, ''போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு, டிரைவரை மாத்திடலாமா?''ன்னார்.

அன்னிக்குச் சாயங்காலம் ஷெட்ல டூல்ஸ் அடுக்கிட்டு இருந்தேன். ஜூனியர் வந்து ஹெல்மெட்டை டேபிள் மேல வெச்சுட்டுக் கேட்டா. ''அண்ணா, மூணு வாரம் ஜிம்முக்குப் போனா கால் வலுவாகிடுமா?''

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. 'கணக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்'னு நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்துலயே இருக்கு: 'டிரைவர் கால் விசை - 500 நியூட்டன்.' இது எங்கிருந்து வந்துச்சு? என் கையெழுத்துதான். ஆறடி மச்சானை சுவத்துல சாய்ச்சு வெச்ச டிஜிட்டல் எடை மெஷினை மிதிக்கச் சொல்லி எழுதின நம்பர். அவளை நான் அளக்கவே இல்லை!

கணக்கு... பயப்படாதீங்க, சின்னது

எடை மெஷினை காருக்குள்ள பெடல் இருக்கற இடத்துலயே வெச்சு அவளை மிதிக்கச் சொன்னேன். 30 கிலோ. ஏறக்குறைய 300 நியூட்டன். காலைப் பார்த்தா முழங்கால் மடங்காம நேரா நீட்டிக்கிட்டு இருக்கு, விரல் நுனிதான் எட்டுது. நீங்களே செவுத்துல காலை முழுசா நீட்டி, விரலால தள்ளிப் பாருங்க. எங்கிருந்து வரும் விசை?

மெஷினை 6 சென்டிமீட்டர் முன்னால நகர்த்தினேன். 41 கிலோ! ஜிம்முக்குப் போகாமலே மூணு நிமிஷத்துல 11 கிலோ கூடிடுச்சு.

இப்ப பிரஷர். எங்க காருக்கு முன் சக்கரம் லாக் ஆக சுமார் 35 பார் வேணும். (இது அந்த 'பார்' இல்லை மச்சி, அழுத்தத்தோட அளவு!) கால் விசையை ரேஷியோவால பெருக்கி, முன் பின்னுன்னு ரெண்டாப் பங்கு போட்டு, சிலிண்டர் பரப்பால வகுத்தா பிரஷர். 3/4 இன்ச் சிலிண்டரோட பரப்பு 285 சதுர மில்லிமீட்டர்.

ஆறடி மச்சான்: 500 × 4 = 2000. பாதி 1000. அதை 285-ஆல வகுத்தா 35 பார். பாஸ்.

ஜூனியர், பழைய இடத்துல: 300 × 4 = 1200. பாதி 600. வெறும் 21 பார். ஃபெயில்.

பெடலைக் கிட்ட கொண்டுவந்தா: 400 × 4 = 1600. பாதி 800. 28 பார். இன்னும் போதாது.

சரி, சிலிண்டரைச் சின்னதாக்கினா? 5/8 இன்ச் சிலிண்டரோட பரப்பு 198 சதுர மில்லிமீட்டர். 800-ஐ அதால வகுத்தா 40 பார். பாஸ்!

நம்மள்ல பாதிப் பேர் தப்பு பண்ற இடம் இதுதான். மாஸ்டர் சிலிண்டர் பெருசானா பிரஷர் குறையும். அதே விசை பெரிய பரப்புல பரவுதே! அதுக்குன்னு சின்ன சிலிண்டர் இலவசமும் இல்லை. அதே அளவு பிரேக் ஆயிலைத் தள்ள பிஸ்டன் அதிக தூரம் போகணும். எங்களுக்கு பெடல் 25 மில்லிமீட்டர் அமுங்கினது, 36 மில்லிமீட்டர் ஆச்சு. விசையில லாபம்னா தூரத்துல நஷ்டம். பிளஸ் டூ பிசிக்ஸ்தான். எக்ஸாம் எழுதிட்டு மறந்துட்டோம்.

மறுநாள் மீட்டிங்ல எழுந்து, ''டிரைவர் மேல தப்பு இல்லை. சைஸ் தப்பா எடுத்தது நான்''னு சொன்னேன். ஷெட்ல அமைதி. ஆறடி மச்சான்தான் முதல்ல பேசினான். ''அப்ப நான் பாஸ் ஆனது என் திறமை இல்லையா?'' எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவை அவளும் சிரிச்சா.

லேத் அண்ணாவின் தண்டவாளம்

கணபதியில ஒரு லேத் பட்டறை. அங்க இருக்கற அண்ணாகிட்ட அந்தச் சிகப்பு பெடல் பாக்ஸைத் தூக்கிட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ''பொருள் அருமைங்க தம்பி. ஆனா நீங்க இதை வண்டிக்கு வாங்கினீங்களா, போட்டோவுக்கு வாங்கினீங்களா?''ன்னார். ஙே!

அவர் செஞ்சு கொடுத்தது சிம்பிள். ரெண்டு ஸ்டீல் தண்டவாளம், வரிசையா ஓட்டை, ரெண்டு பின். பின்னை உருவினா பெடல் பாக்ஸ் மொத்தமும் முன்னும் பின்னும் நகரும். மச்சானுக்கு ஒரு ஓட்டை, ஜூனியருக்கு ஒரு ஓட்டை.

''பின்னு எவ்வளவு தாங்கணுமுங்க?''ன்னு கேட்டார். போட்டி விதிப்படி பிரேக் பெடல் 2000 நியூட்டன் தாங்கணும். ஏறக்குறைய 200 கிலோ. 4-க்கு 1 ரேஷியோவுல பேலன்ஸ் பாருக்குப் போறது 8000 நியூட்டன், அதாவது 800 கிலோவுக்கு மேல. சொன்னதும் அவர் எடுத்து வெச்சிருந்த பின்னைக் கீழே போட்டுட்டு, தடிமனா வேற ஒண்ணு எடுத்தார். பெடலோட அழகைப் பத்தி எல்லாரும் பேசறோம், அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற பின்னைப் பத்தி அவர் ஒருத்தர்தான் கேட்டார்.

ஜனவரி, செட்டிபாளையம்

இன்ஸ்பெக்‌ஷன்ல ஒரு அதிகாரி காருல உட்கார்ந்து, முழு பலத்தோட பிரேக்கை மிதிச்சார். விதியிலேயே அதுக்கு இடம் இருக்கு. எனக்கு உயிர் போய் வந்துச்சு. பின் அசையலை. பெடல் அளவுக்கு மீறி உள்ளே போனா காரையே ஆஃப் பண்ற ஸ்விட்ச் ஒண்ணு பெடலுக்குப் பின்னாடி இருக்கணும். அதையும் தட்டிப் பார்த்தார். டிக்.

பிரேக் டெஸ்ட்டுக்கு யாரை உட்கார வைக்கறது? கேப்டன் அண்ணா என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். முதல் முயற்சியில முன் வலது சக்கரம் லாக் ஆகலை. பேலன்ஸ் பாரை ஒரு சுத்து திருப்பினோம். ரெண்டாவது முயற்சி... கிறீச்! தார் ரோட்டுல நாலு கருப்புக் கோடு, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி.

22 கி.மீ. எண்டூரன்ஸ்ல பாதியில டிரைவர் மாறணும், அதுக்கு மூணே நிமிஷம். மச்சான் இறங்கினதும் பின்னை உருவி, நகர்த்தி, மாட்டி அவளை அனுப்பினோம். கடைசியில கப் வாங்கினோமான்னு கேட்காதீங்க. ரெண்டாவது பாதியில செயின் அறுந்துடுச்சு. அதுக்கு தனியா ஒரு வாரம் எழுதறேன். ஆனா, பிரேக் கடைசி வரைக்கும் பிடிச்சுது.

வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

* வழக்கமா நீங்க போடற ஷூவோட போய் உட்கார்ந்து பாருங்க. முழங்கால் கொஞ்சம் மடங்கின நிலையில பிரேக் முழுசா அமுங்கணும்.

* அந்தக் காரை யாரெல்லாம் ஓட்டறாங்களோ, அதுல குள்ளமானவங்க காலுக்கு அளவெடுங்க.

* மேற்பரப்பைத் தண்ணி ஊத்தித் தேய்ச்சுப் பாருங்க. வழுக்கினா அப்பீட்டு.

* போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டு மாட்டறதா இருக்கட்டும். கையால இழுத்தா ஆடக்கூடாது.

* பேட் அகலமானா பக்கத்துப் பெடலோட இடைவெளி குறையும். ஒரே ஷூ ரெண்டையும் மிதிக்குதான்னு நின்ன காருலயே பாருங்க.

* ஃபுளோர் மேட்! இது விளையாட்டு இல்லை. 2009-ல அமெரிக்காவுல, மேட்டுல ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கற பிரச்னைக்காக டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. அதே வருஷம் கலிஃபோர்னியாவுல நடந்த ஒரு விபத்துல நாலு பேர் இறந்திருந்தாங்க. தீர்வா ஆக்ஸிலரேட்டர் பெடலோட நீளத்தையே குறைச்சாங்க. நீங்க மாட்டற கவர் அந்த நீளத்தைக் கூட்டுதான்னு பாருங்க.

* பெடல் பாக்ஸ் வாங்கறதா இருந்தா ரேஷியோ, சிலிண்டர் சைஸ், காலிப்பர் மூணையும் சேர்த்துக் கணக்குப் போட்ட அப்புறம்தான் கலரைப் பார்க்கணும்.

கேன்டீன் ஜூனியர்கிட்ட இதெல்லாம் சொல்லி முடிச்சேன். பஜ்ஜி ஆறிப்போச்சு. ''அப்ப வேணாங்கறீங்களா அண்ணா?''ன்னான். ''வாங்குடா, ஆனா அந்த வண்டியை வேற யார் ஓட்டுவாங்க?''ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். ''அக்கா... புடவை கட்டிக்கிட்டு ஹீல்ஸ் போட்டு ஓட்டும்.'' ''அப்ப முதல்ல அக்காவைக் கூட்டிட்டுப் போய் மிதிக்கச் சொல்லு''ன்னேன்.

சொல்ல மறந்துட்டேனே... பிரேக் டெஸ்ட் முடிச்சு ஹெல்மெட்டைக் கழட்டினதும் ஜூனியர் என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை: ''அண்ணா, ஜிம்மை கேன்சல் பண்ணிட்டேன்!''

அடுத்த வாரம் அறுந்த செயினோட சந்திப்போம். வர்ட்டா!